வடக்குப் பக்கக் கூரை

அப்பல்சாமியை ராமச்சந்திரன் கடைசியாக உயிரோடு பார்த்தது அடுத்தவன் வீட்டுக் கூரைமேல்தான்.

வுனிமோனோ என்ற அந்தத் தீவுக் கிராமத்தில் அது விரேந்திராவின் வீடு. ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறுவருஷமே அவன் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டான். போகும்போது வீட்டுச் சாவியை ராமச்சந்திரனிடம்தான் கொடுத்தான். ஊரில் இத்தனை பேர் இருக்க, தன்னைத் தேடி வந்து கொடுத்தானே என்று அவருக்கு ஒரு பெருமை.

ஆள் போன வீடுகளுக்கு அப்போதெல்லாம் ஒரே கதிதான். முதலில் ஜன்னல் கண்ணாடி காணாமல் போகும். அப்புறம் கதவு. கடைசியில் கூரைத் தகரம்.

அப்படிப்பட்ட காலத்தில், பட்டப்பகலில் ஒருவன் ஏணி போட்டு ஏறி, கூரை ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தால் என்ன நினைப்பது?

“யோவ்! இறங்குய்யா கீழே!”

அப்பல்சாமி எட்டிப் பார்த்தான். விரேந்திராவுக்குப் பக்கத்து வீட்டுக்காரன்தான் அவன். வாயில் கவ்வியிருந்த நாலு ஆணியையும் உள்ளங்கையில் துப்பிக்கொண்டான்.

“ஆணியெல்லாம் துருவேறி ஆடுது அண்ணே. தூஃபான் மாசம் வந்தாச்சு, எப்ப வேணா புயல் அடிக்கும். வடக்குப் பக்கம் புது ஆணி அடிச்சு முடிச்சிட்டேன். தெக்குப் பக்கம் இப்பத்தான் கை வச்சேன்.”

“உன் வீட்டுக் கூரையே சல்லடை. ஊரான் வீட்டுக்கு ஆணி அடிக்க வந்துட்டாராம் துரை!”

“என் தகரம் பறந்தா வயல்ல விழும். இது பறந்தா நேரா என் வாசலுக்குத்தானே வரும்? காத்து என்ன, கனடாவுக்குப் போய் வீட்டுக்காரனையா கேக்கப்போகுது?”

“இன்னிக்கு ஆணியைப் பிடுங்குவே. நாளைக்குத் தகரம் நௌசோரி மார்க்கெட்டுக்குப் போகும். எனக்குத் தெரியாதா?”

அப்பல்சாமியின் முகம் சுருங்கிப்போயிற்று.

“ஒரே ஒரு நாள் விடுங்க அண்ணே. முடிச்சுடறேன். அப்புறம் போலீஸைக்கூடக் கூப்பிடுங்க.”

“இறங்குன்னா இறங்கு!”

இறங்கினான். சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவன் ஏணியை ராமச்சந்திரன் தன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் கடையிலும் பஸ் நிற்கும் இடத்திலும் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அப்பல்சாமியின் மனைவி பொன்னம்மா கோயிலுக்குள் வந்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

ஆறாம் நாள் காற்று வந்தது.

நடுப்பகலிலேயே இருட்டிவிட்டது. கட்டிப்போட்ட மாட்டை அவிழ்த்துவிட அப்பல்சாமி வெளியே ஓடினான். அந்த நேரம் பார்த்து விரேந்திரா வீட்டுத் தெற்குப் பக்கத்தில் ஒரு தகரம் நுனி தூக்கியது. ஒன்று கிளம்பியதும் மற்றதெல்லாம் பின்னாலேயே கிளம்பின.

மாடு பிழைத்தது.

அப்பல்சாமியின் காரியம் முடிந்த மறுநாள் பொன்னம்மா ராமச்சந்திரன் வாசலில் வந்து நின்றாள்.

“ஏணியைக் குடுங்க அண்ணே. எங்க கூரையைப் பார்க்கணும்.”

எடுத்துக் கொடுத்தார்.

“மூணு வருஷமா அவருதான் அந்த வீட்டு மேல ஏறினாரு. நீங்க ஆபீஸ் போயிருக்கிற நேரத்துல. வீட்டுக்காரன் யார்கிட்டயாவது சொல்லிட்டுத்தானே போயிருப்பான், யாரும் ஏறக்காணோமேன்னு சொல்லுவாரு. அப்புறம் அவரே ஏறிடுவாரு.”

அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஒரு மாசம் கழித்து கனடாவிலிருந்து போன் வந்தது. விரேந்திரா.

“மாமா, பாதிக் கூரை தப்பிச்சுடுச்சாமே! வருஷா வருஷம் கடுதாசியில எழுதுவீங்களே, கூரை ஏறிட்டேன், ஆணி மாத்திட்டேன், குப்பை தள்ளிட்டேன்னு. அதுக்காகத்தானே உங்ககிட்ட சாவியைக் குடுத்துட்டு வந்தேன். நீங்க ஏறலைன்னா அந்தப் பாதியும் போயிருக்கும்.”

ராமச்சந்திரன் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

“என் கடமைதானே தம்பி” என்றார்.

வடக்குப் பக்கத்துத் தகரம் பதினெட்டும் இன்னும் இருக்கின்றன.