கன்டெய்னர் டாக்டர்

கணினிக்குள் புரோகிராம்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் பெட்டிகளான லினக்ஸ் கன்டெய்னர்களை உருவாக்குவது, ஓட்டுவது, அழிப்பது எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அலுவலகத்தில் 'கன்டெய்னர் டாக்டர்' என்று பெயர், பரப்பியது அவரேதான்.

மேனேஜர் அம்மாள் கேட்டார். "கன்டெய்னரை அழிச்சா உள்ள இருக்கற ஃபைலும் போயிடுமா?"

"பின்னே? கன்டெய்னர் வாடகை வீடு மாதிரி, மேடம். காலி பண்ணினா இடிச்சுத் தள்ளிடுவோம். அதுக்குள்ள போய் சொத்தை வைக்கறவன் அடிமுட்டாள். இப்ப பாருங்க!"

ஒரே ஒரு வரிக் கட்டளை. 'நிச்சயமா?' என்ற கணினிக்கு அலட்சியமாக 'ஆம்' சொன்னார். நிறுத்தி வைத்திருந்த பன்னிரண்டு கன்டெய்னர்களும் கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போயின. டாக்டர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"பிரமாதம்! ரெண்டு வாரமா எழுதினீங்களே, 'கன்டெய்னரை அழிக்கும் முன்', அந்தக் கையேட்டை அனுப்புங்க. வகுப்புக்கு எல்லாரும் வந்தாச்சு."

காலர் தானாக இறங்கியது.

"எங்க வச்சிருக்கீங்க?"

"வாடகை வீட்டுலதான், மேடம்."