ஒரே பெட்டி

அந்த மருத்துவமனையின் எல்லாக் கணினிகளுக்கும் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியிலிருந்துதான் வயர்கள் போயின. ஒரு வயர் அறுந்தால் ஒரு அறையோடு போகும்; பெட்டி போனால் எல்லாம் போகும். மாடிகளை ஒன்றோடொன்றும் இணைத்துவிட்டால் மாற்றுவழி இருக்கும் என்று, நெட்வொர்க்கைத் தனியாளாகப் பார்த்துவந்த நசீமா பலமுறை சொல்லியிருந்தாள். அவ்வளவு வயர் எதற்கு என்றார் மேனேஜர் குலசேகர்.

அன்று மதியம் பெட்டி செத்துப்போனது. அவள் அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஆய்வகத்துப் பிரேமலதா ஓடிவந்தாள்.

“அக்கா, பிரசவ வார்டுல ஒரு பொண்ணுக்கு ரத்தப்போக்கு நிக்கல. ரத்த டெஸ்ட் ரிசல்ட் மேல போகாம இங்கயே கெடக்கு. போன் அடிச்சா வார்டுல யாரும் எடுக்கல. லேப்ல நான் ஒருத்திதான் இருக்கேன்.”

நசீமா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். பிரேமலதா கையால் எழுதிவந்திருந்த தாளை வாங்கிக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் வலிக்கிற முட்டியோடு நான்கு மாடி ஏறினாள். டாக்டர் தாளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. அவள் இறங்கிவந்து, ஒதுக்கிவைத்திருந்த பழைய பெட்டியை மாட்டினாள்.

கணினிகள் உயிர்பெற்ற பிறகு குலசேகர் வந்து, அந்தப் பெண் பிழைத்துவிட்டதாகச் சொன்னார். நசீமா கண்ணை மூடித் திறந்தாள்.

“சார், இப்பவாவது இன்னொரு வழி போட்டுடலாமா?”

“அதான் நீங்க இருக்கீங்களேம்மா,” என்றார் அவர், பாராட்டாகவே.

அவர் போன பிறகு அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முட்டி இடம்கொடுக்கவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.