இரண்டே எபிசோட் போதும்

“பத்து எபிசோடாம். ஜவ்வு மாதிரி இழுத்திருக்கானுங்க” என்று கணவர் சோபாவில் நெளிந்தார்.

மனைவி காதில் வாங்காமல் மூன்றாவது எபிசோடை ஓடவிட்டாள்.

“ரெண்டோட நிறுத்தியிருக்கணும். வாட்ச்மேன் செத்ததுமே கதை முடிஞ்சுபோச்சு.”

“அவரைக் கொன்னது யாருன்னு தெரிய வேணாமா?”

“தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? செத்தவன் எழுந்தா வரப்போறான்?”

நான்காவது எபிசோடில் அவருக்குப் பொறுமை போயேபோய்விட்டது. ரிமோட்டைப் பிடுங்கி மறுபடியும் முதல் எபிசோடையே போட்டார்.

மனைவி நிதானமாக அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“வாட்ச்மேனா நீங்க பிரமாதமாத்தான் நடிச்சிருக்கீங்க, யாரு இல்லைன்னா? அதுக்காக, நீங்க செத்ததும் கதையும் கூடவே சாகணுமா?”