கழற்றிப் பார்த்தல்

ஹெல்மெட்டை மாட்டி அரைமணி நேரம் உட்காரவைத்த பிறகுதான் விற்பது அந்தக் கடையின் வழக்கம். அடுத்த ஞாயிறு முதன்முறையாக ரேஸ் டிராக்கில் தன் காரை ஓட்டப்போகிற இன்பசேகரன் அப்படியே உட்கார்ந்திருந்தான். நெற்றியில் உறுத்தவில்லை. பிடித்து ஆட்டினால் கன்னமும் கூடவே அசைந்தது. போதும் என்று கழற்றக் கையைத் தூக்கினான்.

“நீங்க கழட்டக் கூடாது சார்,” என்றார் கடைக்காரர் பெஞ்சமின். “வண்டி உருண்டுச்சுன்னா நீங்களா கழட்டப் போறீங்க? கூட வந்தவங்க கழட்டட்டும். நீங்க கண்ண மூடிட்டு அசையாம இருங்க.”

கூட வந்தவள் அவன் மனைவி யாழ்மொழி. இந்த ஆசையே வேண்டாம் என்று ஒரு மாதமாகச் சண்டை போட்டவள்.

பெஞ்சமின் அவன் கழுத்தைத் தாங்கிக்கொண்டார். அவள் தாடைக்குக் கீழிருந்த வாரை அவிழ்த்தாள். ஹெல்மெட்டை இரண்டு பக்கமும் அகட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கினாள். முதலில் மோவாய் வந்தது. பிறகு உதடு, மூக்கு, கடைசியில் மூடிய கண்கள். பதினோரு வருடமாகப் பார்த்த முகம் இந்த வரிசையில் புதிதாக இருந்தது.

“ஆச்சு சார், கண்ணத் திறங்க.”

“திறக்காத,” என்றாள் யாழ்மொழி.

அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். மூச்சு சுட்டது.

“கழட்ட எவ்வளவு நேரமாச்சு அண்ணா?”

“ஒரு நிமிஷம் இருக்கும்மா.”

அவள் ஹெல்மெட்டை மறுபடியும் அவன் தலையில் மாட்டி வாரை இறுக்கினாள்.

“இன்னொரு தடவை.”