கை கழுவாத ஊர்

"சோப்பை எங்கடி ஒளிச்சே?" என்று கிசுகிசுத்தான் ஓரோஸ்பெக்.

"மாவுத் தொட்டியில, நேத்தே. நீங்க வாயை மூடிட்டு, கை கழுவுற தொட்டியைச் சுவத்துலேருந்து கழட்டி வைக்கோல்ல புதைங்க. கார் வந்துடுச்சு!" என்றாள் சைரா.

திருட்டுச் சாமான் ஒன்றுமில்லை. மலைக்கு அந்தப் பக்கத்து அக்-தாஷ்காரர்கள், போன வருஷம் வந்த ஆய்வுக்காரர்களிடம், தினம் எட்டுத் தடவை கை கழுவுகிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். 'முன்னேறிய ஊர்' என்று சான்றிதழ் வந்தது. முன்னேறிய ஊருக்கு நர்ஸ் எதற்கு என்று அடுத்த வாரமே அவளை மாற்றிவிட்டார்கள். இந்த வருஷம் ஆய்வு இந்த ஊரில்.

சைராவின் மருமகளுக்கு இது எட்டாம் மாதம். பனியில் கணவாய் மூடிக்கொண்டால் இந்த ஊர் நர்ஸை விட்டால் வேறு கதியில்லை.

பேராசிரியர் சாதிகோவ் தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நுழைந்தார். கூடவே நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மூக்குக்கண்ணாடிப் பெண்.

"சமூக மேம்பாடும் சுகாதாரமும்னு ஒரு முதுகலைப் படிப்பு. நான் ஆரம்பிச்சது. ஏழைகளோட குரலா பதினாலு நாட்டுல பேசியிருக்கேன், எல்லாம் பெரிய ஓட்டல்ல. இவ என் மாணவி பெகிமாய். நகரத்துப் பொண்ணு, ஆட்டுக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது!"

பெகிமாய் மெல்லச் சிரித்தபடி நோட்டைப் பிரித்தாள். பேனா மூடியைத் திறந்தாள்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவுவீங்களாம்மா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"எதுக்குங்கய்யா? கை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் சைரா.

"எழுதிக்கோ, எழுதிக்கோ! அறியாமை!" பேராசிரியருக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம். தட்டிலிருந்த ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். "ஆகா, என்ன வாசனை! மலை மூலிகையா?"

சைராவின் கண் மாவுத் தொட்டிப் பக்கம் ஓடியது. "ஆமாங்கய்யா. எங்க பரம்பரை மூலிகை."

ஆவி பறக்க இறைச்சித் தட்டு வந்தது. அதைப் பார்த்ததும் ஓரோஸ்பெக் எல்லாவற்றையும் மறந்தான். விருந்தாளி இறைச்சியில் கை வைக்குமுன் தண்ணீர் ஊற்றாத வீடு அந்த மலையில் கிடையாது. சைரா கண்ணால் எரிப்பதற்குள், தோளில் துண்டும் கைகளில் கெண்டியும் கிண்ணமுமாக வந்து நின்றுவிட்டான்.

போச்சு, அக்-தாஷ் மாதிரி நம்ம நர்ஸும் போச்சு என்று நினைத்தாள் சைரா.

பேராசிரியர் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டினார். "இந்த ஜனங்களுக்குக் கை கழுவக் கத்துக்கொடுக்க மூணு தலைமுறை ஆகும், பாரு" என்று சொல்லியபடி கழுவிக்கொண்டு, ஈரத்தைக் கம்பளத்தில் உதறினார். மலையில் பிறந்தவன் அடுத்தவன் வீட்டில் கை உதறுவானா? ஓரோஸ்பெக்கின் புருவம் ஏறியது.

பெகிமாய் உதறவில்லை. துண்டு வரும்வரை ஈரக் கையைக் கிண்ணத்தின் மேலேயே பிடித்திருந்தாள். பிறகு துடைத்துக்கொண்டு, ஏதோ எழுதினாள்.

சைரா எட்டிப் பார்த்தாள். 'கை கழுவும் வழக்கம்: அறவே இல்லை. நர்ஸ் கட்டாயம் தேவை.'

இவ்வளவு படித்தும் இந்தப் பெண்ணுக்குக் கண் தெரியவில்லையே என்று சைராவுக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

தின்று முடித்த பேராசிரியர் ஏப்பத்தோடு காரில் ஏறினார். வாசலில் காலணி மாட்டக் குனிந்த பெகிமாய், சைராவின் காதோரம் வந்தாள்.

"அடுத்த தடவை சோப்பை மாவுல ஒளிக்காதீங்கக்கா, ரொட்டி காட்டிக் குடுத்துடும்."

சைரா அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. நான் அக்-தாஷ் பொண்ணு."