'அதனால்' அண்ணன்

எங்கள் குளக்கரைக் கல்லில் ஒரு தேரை அண்ணன் உட்கார்ந்திருப்பார். தவளைகள் நாங்கள் ஆளுக்கொன்றைக் கத்தி ஓய்ந்ததும், "அதனால்?" என்று கேட்பார். எதைச் சொன்னாலும் அதே கேள்விதான். சலித்துப்போய் 'அதனால் அண்ணன்' என்றே பேர் வைத்துக் கேலி செய்தோம். போன கோடையில் அவர் போய்ச் சேர்ந்தார்.

இந்த வருடம் வாய்க்காலில் ஒரு மரம் விழுந்தது. அந்த வழியாக வந்த யானையை மறித்துக் கத்தினோம்.

"மரம் விழுந்திருக்கு!"

"குளத்துல தண்ணி இல்ல!"

"எங்க முட்டையெல்லாம் காயுது!"

"அடடா, மூணு துக்கச் செய்தியா?" என்று பெருமூச்சு விட்டு யானை நடையைக் கட்டியது.

எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. யானையின் முன்னால் குதித்தேன்.

"யானையம்மா, வாய்க்கால்ல மரம் விழுந்திருக்கு. அதனால குளத்துக்குத் தண்ணி வரல. தண்ணி வராததால முட்டை காயுது. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டோம். மரத்தை எடுத்துப் போடுங்க."

"இதை முதல்லயே இப்படிச் சொல்றதுக்கென்ன?" என்ற யானை, மரத்தைத் தூக்கிக் கரையில் போட்டது.

அன்று சாயங்காலம் புதுத் தண்ணீரில் ஆசைதீரக் கத்தினோம். கத்தி ஓய்ந்ததும் எல்லோரும் அந்தக் கல்லைப் பார்த்தோம்.

கேட்க யாரும் இல்லை.