அங்க அடையாளம்

பகல் வெயில் கோர்ட்டு வராந்தாவில் பாதிவரை ஏறிக் கிடக்கிறது. தன்னைப் பார்த்துச் சிரித்த ஒருவனை ஆரப்பாளையத்தில் குத்திக் கொன்ற சடையன், பதினெட்டு வயது, விலங்கோடு நிற்கிறான். பிடிபட்ட நாள் முதல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயிலுக்குப் போகும் தாளில் அவனுடைய அங்க அடையாளம் இரண்டை, கோர்ட்டு குமாஸ்தாவான நான் எழுத வேண்டும். அவன் அப்பன் கண்ணுச்சாமி வெற்றிலை எச்சிலை விரலில் தொட்டு, மகன் முதுகின் அழுக்கைத் தேய்த்துக் காட்டுகிறான். "இது மாடு ஓட்டுற தார்க்குச்சி குத்துனதுங்கய்யா. இது ஏழு வயசுல நான் வச்ச சூடு." "ரெண்டு போதும்" என்கிறேன். "இன்னும் இம்புட்டு இருக்குங்கய்யா. சூடு வச்சப்பக்கூடப் பய அழுகலையே!" என்று கண்ணுச்சாமி பெருமையாகச் சிரிக்கிறான்.

"அழுதேன்" என்கிறான் சடையன். "நீ வாயில துணிய வச்சு அடைச்சிருந்த."